அம்மாவின் குதிகால் மச்சம்

மார்ச் 2
அம்மாவுக்குப் பித்தவெடிப்பு. களிம்பு தடவும்போது இடது குதிகாலில் கறுப்பாக ஒன்று கண்ணில் பட்டது, மிளகைவிடப் பெரிது. "எப்பம்மா வந்துச்சு?" "யாரு பாத்தா? ரெண்டு வருசமிருக்கும். உள்ளங்கால்ல மச்சம்னா ஊர் சுத்துற யோகம்னு சொல்வாங்க."

மார்ச் 3
ஸ்கேலை ஒட்டிவைத்து ஃபோட்டோ எடுத்தேன். 7 மி.மீ. ஒரு பக்க ஓரம் மை கசிந்ததுபோல் இருக்கிறது. என் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிய இரண்டு மச்சங்களும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. வயதான பிறகு புதிதாக வருவது, வளர்வது, நிறம் மாறுவது, ரத்தம் கசிவது: இவற்றைத்தான் டாக்டரிடம் காட்டவேண்டும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது மெலனோமா என்ற தோல் புற்று என்று 1977இல் தெரிந்தது, 1981இல் இறந்துபோனார். வயது 36. தூக்கம் வரவில்லை.

மார்ச் 4
பக்கத்து வீட்டு அத்தை சுண்ணாம்பும் சோடாக்காரமும் குழைத்துக்கொண்டு வந்தார், வைத்தால் உதிர்ந்துவிடுமாம். வேண்டவே வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மார்ச் 7
தோல் டாக்டரிடம் போனோம். அத்தையின் வைத்தியத்தைச் சொன்னதும், "பொசுக்கிட்டா பரிசோதனைக்கு அனுப்ப சதையே இருக்காது" என்றார். கறுத்த தோலுக்கு இந்தப் புற்று அபூர்வம். ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தானாம். அங்கே யார் பார்க்கிறோம்?

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கையளவு டெர்மாஸ்கோப்பைக் குதிகாலில் வைத்து எங்களுக்கும் காட்டினார். பாதத்துத் தோல் வரிவரியாக மேடும் பள்ளமுமாய் இருக்கிறது. பள்ளத்தில் நிறம் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் சந்தேகம். அம்மா உடனே பிடித்துக்கொண்டார்: "வாய்க்கால்ல ஓடலாம், வரப்புல ஏறக்கூடாது." டாக்டர் தலையாட்டினார். அம்மாவுக்குப் பெரும்பகுதி வாய்க்காலில்தான். ஓர் ஓரம் மட்டும் தெளிவாக இல்லை, அதனால் முழுதாக எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பலாம் என்றார்.

மார்ச் 10
எடுத்தாயிற்று. குதிகாலில் தையல். சுவரைப் பிடித்து நடக்கிறார்.

மார்ச் 19
ரிப்போர்ட் வந்தது. சாதாரண மச்சம். அம்மா காபி போடச் சொன்னார்.

மார்ச் 20
அத்தை காலை நீட்டி உட்கார்ந்தார். பெருவிரல் நகத்தில் கறுப்புக் கோடு. பல நகங்களில் மெல்லிசாக இருந்தால் நம் தோலுக்கு அது சகஜம். அத்தைக்கு ஒரே நகத்தில், அடியில் அகலமாக, தோலிலும் படர்ந்திருக்கிறது. "வேலி இடிச்சதுடா" என்றார். இடித்த ரத்தக்கட்டு என்றால் நகத்தோடு வளர்ந்து முன்னே போயிருக்கவேண்டும். ஆறு மாதமாகியும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன்.