அது வேற உண்ணி

“அது வேற உண்ணிம்மா, இது நாயுண்ணி. பயப்படாதீங்க.”

நான் சொன்னது இவ்வளவுதான். சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பிழையில்லாத பேச்சு இத்தனை மாதமாக ஏன் உறுத்துகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

மார்கழிக் கடைசி. டாக்டர் வர அரை மணி நேரம் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் வீட்டு வேலை. அந்த வீட்டு நாயைக் குளிப்பாட்டுவதும் அவர்தான். கொண்டையை அவிழ்த்துப் பிடரியைக் காட்டினார். ஆமணக்கு முத்து மாதிரி சாம்பல் நிறத்தில், ரத்தம் குடித்து உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெய் வாடை தூக்கியது. பக்கத்திலேயே ஊதுபத்தியால் சுட்ட சிவப்பு வடு.

“பக்கத்து வீட்டு அக்கா வெச்சாங்க சிஸ்டர். சுட்டா விட்டுடும்னாங்க.”

விடாது. அதன் வாயில் பின்பக்கம் பார்த்த முட்கள் உண்டு. சூடோ எண்ணெயோ பட்டால், அது எச்சிலைக் கூடுதலாக நம் உடம்புக்குள் கக்கும் ஆபத்துதான் அதிகம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் வேலையைப் பார்த்தேன். கூர்முனை ஃபோர்செப்ஸ். உப்பிய வயிற்றைத் தொடாமல், தோலை ஒட்டி வாய்ப்பக்கமாகப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே ஒரே சீராக. தோல் கூடாரம் மாதிரி எழும்பி, சில நொடி அப்படியே நின்று, அப்புறம் விட்டது. வாய் உடையவில்லை. எட்டுக் கால்களும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. ஸ்பிரிட்டில் போட்டு மூடினேன். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்குத் திருப்திதான்.

அப்போதுதான் கேட்டார்: “பேப்பர்ல உண்ணிக்காய்ச்சல்னு போட்டிருந்தாங்களே சிஸ்டர், அது இதனாலதான் வருதா?”

அதற்குத்தான் அந்தப் பதில். உண்ணிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ் நாயுண்ணியால் வருவதில்லை. புதரும் எலியும் உள்ள இடத்தில் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் ஆறுகால் குஞ்சு கடித்து வருவது அது. கண்ணில் படாது, கடித்ததும் தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். நமக்கு இரண்டும் உண்ணிதான். (வேலியோரம் பூக்கிற ஒரு செடிக்குக்கூட உண்ணிச்செடி என்று பேர். அது பாவம், யாரையும் கடிப்பதில்லை.) பேர்க் குழப்பத்தில் ஒருவர் பயப்படுகிறார், தெரிந்தவள் தெளிவுபடுத்துகிறேன். இதில் என்ன தப்பு?

ஆனால் நாயுண்ணியும் சாது இல்லை. அதனாலும் வேறொரு டைஃபஸ் காய்ச்சல் வரலாம். எனக்கு அது தெரியும். ஏன் சொல்லவில்லை? வெளியே கூட்டம் நின்றது. ஏற்கெனவே அரண்டு போயிருக்கிறவரை இன்னும் மிரட்டுவானேன் என்றும் இருந்திருக்கலாம். “காய்ச்சல் வந்தா உடனே வாங்க, உண்ணி கடிச்சதைச் சொல்லுங்க, தேதியைக் குறிச்சு வைங்க” என்று எல்லோரிடமும் சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். நூறு பேரிடம் சொன்ன வாக்கியம் எந்த ஒருவரிடம் விட்டுப்போனது என்று எப்படித் தெரியும்?

ஒரு வாரத்தில் காய்ச்சல். வீட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டெங்கு பார்த்தார்கள், இல்லை. வைரல் என்று மாத்திரை, ஊசி. ஆறு நாள் அப்படியே போய், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பாவாடை நாடா பதிகிற இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த ஆறுகால் குஞ்சு கடித்த தடம். ஸ்க்ரப் டைஃபஸ். டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஆக, நான் சொன்னது சரி. அது வேறு உண்ணிதான்.

பிரஷர் பார்க்க வந்தபோதுதான் அவரே இதையெல்லாம் சொன்னார். “அந்த கிளினிக்ல உண்ணி கடிச்சதைச் சொன்னீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“எதுக்கு சிஸ்டர்? நீங்கதான் அது வேறன்னுட்டீங்களே.”

குத்திக்காட்டும் தொனியே இல்லை. என்னை நம்பினேன் என்பதைத்தான் அவர் சொன்னார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

சொல்லியிருந்தால்? ‘உண்ணி’ என்ற ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் அந்த டாக்டர் டைஃபஸையும் யோசித்திருக்கலாம். எந்த டைஃபஸாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். தப்பான உண்ணியைச் சொல்லியே சரியான மருந்து கிடைத்திருக்கும். அவருடைய குழப்பம் அவரைக் காப்பாற்றியிருக்கும். என் தெளிவு அதைப் பிடுங்கிவிட்டது. இப்படி நினைத்தால் தூக்கம் போகிறது. கூட வேலை பார்க்கும் சிஸ்டர், “ஏன்டி நீயே இழுத்துப் போட்டுக்கிற? தினமும் காலி மனை புதர் வழியா நடந்துபோறவங்க, உனக்கெப்படித் தெரியும்?” என்கிறாள். அதுவும் நியாயம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓர் உண்ணி இருந்தால் உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும்: தலைமுடி, காது மடல், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு. நான் தலையை மட்டும் கோதிப் பார்த்தேன். அன்றைக்கே அந்தப் பொருக்கு அங்கே இருந்ததா? அனேகமாக இருந்திருக்காது, நாள் கணக்கு இடிக்கிறது. ஆனாலும் நான் பார்க்கவில்லை.

போன வாரம் ஒருத்தர் மகளைக் கூட்டிவந்தார். காதுக்குப் பின்னால் உண்ணி, பயறு அளவு. எடுத்தேன். அவரும் அதையே கேட்டார்: உண்ணிக்காய்ச்சல் வருமா சிஸ்டர்? இந்தத் தடவை நிதானமாகச் சொன்னேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இது அந்த உண்ணி இல்லை, ஆனால் இதனாலும் காய்ச்சல் வரலாம், ரெண்டு மூணு வாரம் பாருங்கள், காய்ச்சலோ தடிப்போ வந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் உண்ணி கடித்ததை முதலில் சொல்லுங்கள். சீட்டின் பின்னால் தேதியும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கதவைத் தாண்டியதும் போனில் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “வரும்னும் சொல்றாங்க, வராதுன்னும் சொல்றாங்க. அந்த சிஸ்டருக்குச் சரியாத் தெரியலை போல.”