கே.பி. எழுந்து போகாத மேஜை

இயக்குநர் கே. பாலசந்தரைப் பற்றி யார் பேசினாலும் அந்த ஏஜி ஆபீஸ், அதாவது அரசுக் கணக்குகளைப் பார்க்கும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலக விஷயம் ஒரே வரியில் வந்து போய்விடும். நன்னிலத்தில் பிறந்தார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார், முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் வாத்தியார், 1950-ல் சென்னைக்கு வந்து ஏஜி ஆபீஸில் குமாஸ்தா, அப்புறம் நாடகம், அப்புறம் சினிமா. கேட்கிறவர்களும் "நல்லவேளை, அந்த வேலையை விட்டாரு" என்பார்கள். சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் பென்ஷன் பிரிவிலேயே பெரும்பாலும் 38 வருடம் வேலை பார்த்து, 2022-ல் ஓய்வு பெற்ற எனக்கு அந்த 'நல்லவேளை'யைக் கேட்டாலே மனசுக்குள் என்னவோ செய்யும்.

ஏனென்றால் அவர் அந்த வேலையில் இருந்தது ஒன்றிரண்டு வருடம் இல்லை, கிட்டத்தட்ட 15 வருடம். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் எழுதியது, 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'மெழுகுவர்த்தி' என்று வரிசையாக மேடையேற்றியது எல்லாம் அந்தக் காலத்தில்தான். 1964-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதியபோதும் அவர் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் அரசு ஊழியர்தான். 1965-ல் 'நீர்க்குமிழி'யை அவரே படமாக இயக்கினார். ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்குப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ரிக்ரியேஷன் கிளப் நாடகத்துக்கு வருடா வருடம் கேண்டீனில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆறு மணிக்கு ஆரம்பிப்போம். எட்டரைக்குள் முடிக்கவில்லை என்றால் வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். வருடத்துக்கு ஒரு நாடகத்துக்கே அந்தப் பாடு. அவர் எத்தனை எழுதியிருக்கிறார் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் அவருடைய உழைப்பைச் சொல்ல நான் இதை எழுத வரவில்லை. அவருடைய படங்களில் வரும் மனிதர்களுக்கு ஒரு வேலை இருக்கும். என்ன வேலை, யார் யாரை அந்தச் சம்பளம் காப்பாற்றுகிறது, மாசக் கடைசியில் என்ன ஆகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். 'பாமா விஜயம்' எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை வந்ததும் ஒரு கூட்டுக்குடும்பத்தின் வரவு செலவு கவிழ்கிறது, அவ்வளவுதான் கதை. 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் படித்தவனுக்கு வேலை இல்லை, அவன் கடைசியில் முடிதிருத்துபவனாகிறான். மற்றவர்கள் காதலில் ஆரம்பிக்கும் இடத்தில் இவர் சம்பளத்தில் ஆரம்பிப்பார். அந்தக் கண் சும்மா வந்துவிடாது, கணக்குப் பார்த்துப் பார்த்து வருவது.

எனக்கு வேலை கிடைத்தது 1984-ல். 22 வயது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, கீழே இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. குரோம்பேட்டையிலிருந்து எழும்பூர் வரை மின்சார ரயில். முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்: வாடகை, பால், அப்பா மருந்து, பெரியவன் ஃபீஸ், மளிகை பாக்கி. கடைசி வரியில் என் பெயர் இருந்தது, எதிரே தொகை போடாமல் இடம் விட்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, பக்கத்துப் போர்ஷன்காரர்கள் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்திருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து 'அவள் ஒரு தொடர்கதை' பார்த்தோம். 1974-ல் வந்த படம். குடும்பத்தை விட்டுப் போன அப்பா, குடிக்கிற அண்ணன், விதவைத் தங்கை, இவ்வளவு பேரையும் சுஜாதா ஒருத்தியின் சம்பளம் தாங்குகிறது. அவள் வீட்டில் எரிந்து எரிந்து விழுவாள், சிரிக்கவே மாட்டாள். பாதியில் அம்மா எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, சமையல் முடிந்திருந்தது, எனக்குத் தெரியும். நான் பின்னாலேயே போகவில்லை. கல்யாணம் கூடி வந்து, கடைசியில் அதுவும் தங்கைக்குப் போய், அவள் மறுபடி வேலைக்கே திரும்புகிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்கு ராத்திரி அம்மா எனக்கு மட்டும் ரசத்துக்கு அப்பளம் பொரித்துப் போட்டாள். அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

சம்பாதிக்கிற பெண்ணைத் தியாகி ஆக்குவது சுலபம். அவளுக்குக் கோபம் வரும், கசப்பு இருக்கும், வீட்டு ஆட்களையே சில நேரம் பார்க்கப் பிடிக்காது என்று காட்ட ஒரு தைரியம் வேண்டும். கே.பி. காட்டினார். அந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்கு ஒட்டுதல்.

அப்புறம் 'இரு கோடுகள்'. 1969-ல் வந்து தேசிய விருது வாங்கிய படம். ஜெமினி கணேசன் கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா. முதல் மனைவி சௌகார் ஜானகி அதே ஆபீஸுக்குக் கலெக்டராக வருகிறாள், வீட்டில் இரண்டாவது மனைவி ஜெயந்தி. சின்ன வயதில் பார்த்தபோது, இப்படியெல்லாம் எங்கே நடக்கும் என்று நினைத்தேன். பென்ஷன் பிரிவுக்கு வந்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலைத் தபாலில் இரண்டு குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் வந்தது. இறந்தவர் ஒருவரேதான். இரண்டிலும் விண்ணப்பதாரர் 'மனைவி'. இரண்டிலும் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்டியிருந்தது, வேறு வேறு ஸ்டுடியோ. ஒன்றில் பின்னால் ஏரியும் வாத்தும், இன்னொன்றில் வெறும் நீலத்திரை. அவர் மட்டும் இரண்டிலும் ஒரே கோடு போட்ட சட்டை. அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தேன்.

விதி தெளிவாக இருக்கிறது. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது நடந்த இரண்டாம் திருமணம் சட்டப்படி செல்லாது, ஆகவே அந்தப் பெண்ணுக்கு ஓய்வூதியம் கிடையாது, அவளுடைய குழந்தைகளுக்குப் பங்கு உண்டு. நோட் போட்டு, சர்வீஸ் புக்கில் பார்க்க வேண்டிய பக்கத்துக்கு அடையாளச் சீட்டு வைத்து, மேலே அனுப்பினேன். பத்து நாள் கழித்து இருவரும் நேரில் வந்தார்கள், சேர்ந்து. மூத்தவள்தான் இளையவளைக் கூட்டி வந்திருந்தாள். "இதுக்குப் படிக்கத் தெரியாதுங்க மேடம், புள்ளைங்க பேர்ல எங்க எழுதணும்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் எழுதிடுவேன்" என்றாள். 'இது' என்றுதான் சொன்னாள், பெயர் சொல்லவில்லை. வராந்தா பெஞ்சில் ஒரே பொட்டலத்திலிருந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டார்கள். நடுவில் ஒரு பை இருந்தது, அதை யாரும் நகர்த்தவில்லை.

அந்த ஆபீஸ் மேஜைக்கு இந்தப் பக்கம் 15 வருடம் உட்கார்ந்தவர் எத்தனை காகிதத்தில் எத்தனை வீட்டைப் பார்த்திருப்பார்! சினிமாவுக்கு வந்தவர் அந்த மேஜையைக் கையோடு கொண்டுவந்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். 1981-ல் கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை வைத்து அவர் எடுத்த 'தண்ணீர் தண்ணீர்', திரைக்கதைக்காகவும் தேசிய விருது பெற்றது. அத்திப்பட்டி மக்கள் மனு எழுதி எழுதிப் பார்த்துவிட்டுத் தாங்களே கால்வாய் வெட்டப் போகிறார்கள், அதையும் அதிகாரிகள் வந்து அனுமதி இல்லை என்று நிறுத்துகிறார்கள். அந்தப் படத்தை நான் முழுசாகப் பார்த்தது 2003-ல். அதே வருடம் ஒரு வயதான அம்மாவின் ஃபைல் என் மேஜையில் இருந்தது. சர்வீஸ் புக்கில் அவர் பெயர் 'ம்மாள்' என்று முடிந்தது, ரேஷன் கார்டில் 'ம்மா'. ஒரு 'ள்' இல்லை. இரண்டு தடவை முந்தைய ஆள் ஆட்சேபம் போட்டுத் திருப்பியிருந்தார். மூன்றாவது தடவை திருப்பியது நான். பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம், எனக்கு அந்த அதிகாரம் இருந்தது. ஆடிட்டில் கேள்வி வருமோ என்று பயந்தேன். நான்கு மாதம் தள்ளிப்போனது. படத்தில் அந்த அதிகாரிகள் வந்து நிற்கிறபோது என்னால் உட்கார முடியவில்லை. அதற்குப் பிறகு பெயரில் எழுத்துப் பிழை என்பதற்காக மட்டும் நான் எந்த ஃபைலையும் திருப்பவில்லை.

அவர் 2014 டிசம்பர் 23 அன்று காலமானார். கமலையும் ரஜினியையும் வைத்தே டிவியில் எல்லோரும் அவரைப் பேசினார்கள். சரிதான், பேச வேண்டியதுதான். 'அபூர்வ ராகங்கள்' இல்லாமல் ரஜினி ஏது. எனக்கு மட்டும் அந்தப் பெஞ்சும் நடுவில் இருந்த பையும்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தன.

அடுத்த வருட கிளப் நாடகத்துக்கு அதை நான் எழுதினேன். ஒரே காட்சி, 40 நிமிடம், ஒரு பெஞ்சு, இரண்டு பெண்கள், ஒரு பை. ஆபீஸ் ஆட்களைத் தவிர வெளியாள் பத்துப் பேர் வந்திருப்பார்கள். நாடகத்தில் அந்த இரண்டு பெண்களும் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடிப்பதாக வைத்திருந்தேன். முடிந்து எல்லோரும் நாற்காலியை மடக்கிக்கொண்டிருக்கும்போது, எங்கள் பிரிவில் வெகு காலம் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர் பக்கத்தில் வந்தார். அன்றைக்கு அந்த வராந்தாவில் இருந்தவர்.

"நல்லா இருந்துச்சு மேடம். ஆனா அவங்க டீ குடிக்கல. நான் கேட்டேன், சுடுதண்ணி போதும்னாங்க. ஒரே டம்ளர்ல."

மறுநாள் வசனப் பிரதியை எடுத்துத் திருத்தி வைத்தேன்.