சிறு விமானத்தில் ஊர் விட்டு ஊர் போவதற்கு முன்

தனியார் விமானி உரிமம் கையில் வந்ததும் எழும் முதல் ஆசை, நண்பர்களை ஏற்றிக்கொண்டு நாமே ஓட்டிப் போய் வேறோர் ஊரில் இறங்க வேண்டும் என்பதுதான். அருமையான ஆசை. பயிற்சியிலேயே 270 கி.மீ.க்குக் குறையாத தனிப் பயணம் ஒன்றைச் செய்து, வழியில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கியிருப்பீர்கள். ஆனால் அப்போது விமானத்தில் நீங்கள் ஒருவர்தான். ஆளும் பெட்டியும் ஏறும்போது கணக்கே மாறிவிடுகிறது.

செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். புறப்படும்போது அதிகபட்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானமே சுமார் 770 கிலோ வரும். உங்கள் விமானத்தின் சரியான எடை அதன் ஆவணத்தில் இருக்கும். டேங்கை நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 200 லிட்டர். லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ. மிச்சம் 243 கிலோ, அதாவது 80 கிலோ எடையுள்ள மூன்று பேர். இருக்கை நான்கு இருந்தாலும் நான்காவது ஆள் வரவேண்டுமென்றால் பெட்ரோலைக் குறைத்து, வழியில் எங்கே நிரப்புவது என்று முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது காற்று. போகும்போது எதிர்காற்று தின்ற நேரத்தைத் திரும்பும்போது பின்காற்று ஈடுகட்டிவிடும் என்று நினைப்பது தவறு. 120 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1.852 கி.மீ.) 200 நாட்டிகல் மைல் போக 1 மணி 40 நிமிடம். 20 நாட் எதிர்காற்றில் அதுவே 2 மணி நேரம். அதே காற்று திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளினால் மிச்சமாவது 14 நிமிடம்தான். மணிக்கு 35 லிட்டர் என்று வைத்தால் 20 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 12 லிட்டர் கூடுதலாகப் போகும். பகலில், கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்தே ஓட்டுபவருக்குச் சட்டம் கேட்கும் கையிருப்பு பல நாடுகளில் 30 நிமிடம். அது போதாது, ஒரு மணி நேரத்துக்கானது டேங்கில் இருக்கட்டும். பெட்ரோல் முள்ளை நம்பாமல் அளவுகோலை டேங்குக்குள் விட்டுப் பாருங்கள்.

நாளின் முதல் பயணத்துக்கு முன்பும், ஒவ்வொரு முறை நிரப்பிய பிறகும் இறக்கையின் அடியிலும் இன்ஜின் அடியிலும் உள்ள எல்லா வடிகால்களிலிருந்தும் பெட்ரோலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். 172எஸ்ஸில் அவை மொத்தம் 13. டேங்கின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மழைநீர் இறங்கும். தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். குப்பியில் கோடு தெரிந்தால் கீழே இருப்பது தண்ணீர். கோடே தெரியாவிட்டால்தான் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் குப்பி முழுக்கவே தண்ணீராக இருக்கலாம். வெள்ளைப் பின்னணியில் பிடித்து, சிறு விமானங்களுக்கான 100எல்எல் வகைப் பெட்ரோலின் நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். ஜெட் எரிபொருள் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். பெட்ரோல் ஆவியாகிப் போகும். ஜெட் எரிபொருள் எண்ணெய்க் கறை விடும்.

பழைய 172-களில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் உண்டு. வெளியே 20 டிகிரி வெப்பம் இருந்தாலும் காற்றில் ஈரம் மிகுந்தால் அதற்குள் பனிக்கட்டி பிடிக்கும்: பெட்ரோல் ஆவியாகும்போதும் குறுகிய வழியில் காற்று விரியும்போதும் உள்ளே வெப்பம் சட்டென்று இறங்கிவிடுகிறது. இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடாமலே ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) மெல்லக் குறைவதுதான் அறிகுறி. கார்பரேட்டருக்குள் சூடான காற்றை விடும் சூட்டுக் குமிழை முழுவதும் இழுங்கள். ஆர்.பி.எம். முதலில் இன்னும் இறங்கும், இன்ஜின் தடதடக்கும். பனி உருகி உள்ளே போவதால் அப்படி. பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடாதீர்கள். சற்றுப் பொறுத்தால் ஆர்.பி.எம். ஏறும்.

பாதி வழியில் கடிகாரத்தைப் பாருங்கள். கணக்கிட்டதைவிட 10 நிமிடம் பின்தங்கியிருந்தால் நடுவில் இருக்கும் நிலையத்தில் இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். அதன் ரன்வே நீளம், அலைவரிசை, அங்கே பெட்ரோல் கிடைக்கும் நேரம் மூன்றையும் புறப்படும் முன்பே தாளில் எழுதித் தொடையில் கட்டியிருக்க வேண்டும். ஊர் சேர்ந்ததும் மீண்டும் அளவுகோல் விட்டு, உண்மையில் மணிக்கு எத்தனை லிட்டர் குடித்தது என்று அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பயணத்தின் கணக்கை அந்த எண்ணிலிருந்து போடுங்கள்.