சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையாரைத் தேடிச் சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக சாந்தோம் கல்லறைக்குப் போய்விடுகிறார்கள். நான் மாற்றிப் போகச் சொல்வேன். முதலில் சின்னமலை, அப்புறம் பரங்கிமலை, கடைசியில் சாந்தோம். அவர் ஒளிந்திருந்த இடம், உயிர்விட்ட இடம், அடக்கமான இடம் என்று அவருடைய கடைசி நாள்களோடு கூடவே போகலாம்.

கி.பி. 52-ல் கேரளக் கரையின் பழைய துறைமுகமான முசிறியில் கரையிறங்கி, அங்கே நற்செய்தி அறிவித்து, பிறகு மயிலாப்பூர் வந்தார் என்பது மரபு. சின்னமலைக் குகை மிகச் சிறியது, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பாறையில் ஒரு கைத்தடத்தை அவருடையது என்று காட்டுகிறார்கள். அங்கிருந்து மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறினால் பரங்கிமலை நிலையம்.

மலை சுமார் 300 அடி உயரம்தான். படிகளை 18-ஆம் நூற்றாண்டில் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் செலவில் கட்டிக்கொடுத்தார். சிலுவைப்பாதைத் தலங்களில் நின்று ஜெபித்தபடி ஏறுங்கள், களைப்பே தெரியாது.

மேலே இருக்கும் மாதா கோயிலின் பீடத்தில் ஒரு பழைய கற்சிலுவை இருக்கிறது. 1547-ல் கோயிலுக்காக மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. கிட்டே போய்ப் பாருங்கள். நுனிகள் மொட்டுப்போல விரிந்த சிலுவை, அதன் தலைமேல் இறங்கும் புறா, சுற்றிலும் வளைவாக ஓடும் பழைய பாரசீக பஹ்லவி எழுத்துகள். தோமையாரே செதுக்கினார் என்பார்கள். எழுத்தை ஆராய்ந்தவர்களோ அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. போர்த்துகீசியர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தக் கரையில் அவருடைய ஆண்டவரை வணங்கியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் அதில் இரத்தம் வியர்த்ததாக நம்புகிறோம்.

கி.பி. 72-ல், இந்த மலையில் ஜெபித்துக்கொண்டிருந்தவரை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்பது நம் முன்னோர் சொன்னது. 13-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பயணி மார்க்கோ போலோ எழுதிவைத்தது வேறு: மயில்களுக்கு நடுவே அவர் ஜெபித்திருக்க, மயிலுக்குக் குறிவைத்த ஒருவனின் அம்பு அவர்மேல் பாய்ந்ததாம். எந்தக் கதையானாலும் சாகும்போது அவர் ஜெபத்தில்தான் இருந்தார்.

அந்தச் சிலுவைக்கு முன் முழங்காலிட்டபோது, இயேசு உயிர்த்தெழுந்ததை உடனே நம்பவில்லை என்பதற்காக இவரையா ‘சந்தேகத் தோமா’ என்கிறோம் என்று மனசு கனத்தது. யூதேயாவுக்குப் போனால் இயேசுவின்மேல் கல்லெறிவார்கள் என்று மற்றச் சீடர்கள் தயங்கியபோது, “நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்” என்றவர் இவர்தானே? யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சொன்னதைச் செய்தும் காட்டிவிட்டார், அதுவும் எருசலேமிலிருந்து இவ்வளவு தூரம் வந்து.

சாந்தோமில் 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய கோயில் இருந்த இடத்தில், 1896-ல் எழும்பியதுதான் இன்றைய பேராலயம். கல்லறைச் சிற்றாலயம் நிலத்தடியில் இருக்கிறது, போக வழி தனியாக உண்டு. தோமையார் படுத்திருக்கும் உருவத்தின் முன் எல்லா மதத்தாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து ஜெபித்தார்.

“எலும்புகள்தான் இங்கே இல்லையே” என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். பெரும்பகுதி பழங்காலத்திலேயே இன்றைய துருக்கியிலுள்ள எடெஸ்ஸா நகருக்குப் போய், கிரேக்கத்தின் கீயோஸ் தீவு வழியாக 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனாவைச் சேர்ந்தது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டிலேயே பக்தர்கள் இந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய், காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுத்தார்கள் என்று அதே மார்க்கோ போலோ எழுதுகிறார். தோமையாரைத் தாங்கிய மண் இங்கேதான் இருக்கிறது, எனக்கு அது போதும்.

ஜூலை 3 அவருடைய திருவிழா. அன்று கூட்டம் அதிகம் இருக்கும். கல்லறையருகே நெடுநேரம் உட்கார விரும்புகிறவர்கள் ஒரு வார நாள் காலையில் போங்கள்.