தண்ணீர் நன்றாகத்தான் பீய்ச்சியது, அலாரம் மட்டும் நிற்கவில்லை

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் சூடு அலாரம் அடித்தால் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது, குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்று காட்டப் பின்பக்கம் பீய்ச்சும் அந்த மெல்லிய தாரையைத்தான். என் மோட்டாரில் அது குறையில்லாமல் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் உறிஞ்சும் வாயில் பாசியோ பிளாஸ்டிக் பையோ சிக்கவில்லை. ஆயிலும் சரியான அளவில் இருந்தது. (பல மோட்டார்களில் ஆயில் அழுத்தம் குறைந்தாலும் இதே பஸ்ஸர்தான் கத்தும், அதையும் விட்டுவிடாதீர்கள்.) ஆனாலும் கரையை நெருங்கி வேகத்தைக் குறைத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அலாரம் கத்த ஆரம்பித்துவிடும்.

மெக்கானிக் கீழ்ப்பகுதியை இறக்கி இம்பெல்லரை, அதாவது தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரத்தை, மாற்றினார். பழைய இம்பெல்லரில் ஒரு இதழ் பாதியில் முறிந்திருந்தது. "முறிந்த துண்டு எங்கே?" என்று கேட்டேன். "அதெல்லாம் தண்ணியோட வெளியே போயிருக்கும் சார்" என்றார். அப்புறம் உறிஞ்சும் வாயின் இரு பக்கமும் ரப்பர் குவளையை மாட்டி, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓட்டிக் காட்டினார். அலாரம் வரவில்லை. பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்றே மறுபடியும் அலாரம். இப்போது அவர் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது: "சென்சார் கெட்டுப்போச்சு. வயரைக் கழற்றிவிட்டுடலாம்." ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) கருகுவதற்கும் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போவதற்கும் முன்னால் நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை அந்த வயரில்தான் வருகிறது. சென்சார்மேல் சந்தேகம் என்றால் அளந்து பார்க்க வேண்டும், கழற்றக் கூடாது.

மோட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, தொடாமலே சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியோடு தண்ணீரில் இறங்கினேன். பளபளக்கும் உலோகத்தின்மேல் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அதனால் சிலிண்டர் ஹெட்டில் சென்சாருக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளந்தேன். அலாரம் அடித்தபோது 90 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை. அலாரத்தோடு ஓட்டிப் பார்க்க எனக்கு மனமில்லை, உடனே அணைத்தேன். நன்றாக ஆறியபின் கிளப்பி நேராக நடுத்தர வேகத்துக்குப் போனால் சூடு ஏறவே இல்லை. வேகத்தைக் குறைத்தால்தான் மெல்ல மேலே போனது.

இங்கேதான் வழி கிடைத்தது. உள்ளே உப்பு படிந்து அடைத்திருந்தால் வேகமாக ஓடும்போது சூடு இன்னும் மோசமாக இருக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது மட்டும் சூடேறுகிறது என்றால், பம்ப் அழுத்தம் குறைவாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் சிலிண்டர் பக்கம் போகாமல் வேறெங்கோ கசிகிறது. சற்றுப் பெரிய மோட்டார்களில் இதற்கென்றே ஸ்பிரிங் வைத்த பிரஷர் வால்வு ஒன்று உண்டு. வேகம் கூடும்போது திறந்து மிகுதித் தண்ணீரை வெளியே விடும், குறைந்த வேகத்தில் இறுக மூடியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் ஓட்டியபோது குறை தெரியாததற்கும் இதுதான் காரணம்: குழாயின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. அந்தச் சோதனையை நம்பி மோட்டாரை வாங்கி வராதீர்கள், தொட்டியிலோ படகிலோ ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பீய்ச்சும் தாரையும் முழுச் சாட்சி ஆகாது. பல மோட்டார்களில் அந்தத் தண்ணீர் தெர்மோஸ்டாட்டுக்கு (சூடேறினால் திறந்து தண்ணீரை ஓடவிடும் வால்வு) முன்பே பிரிந்து வந்துவிடுகிறது.

தெர்மோஸ்டாட்டையும் விட்டுவைக்கவில்லை. பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினேன், 60 டிகிரியை ஒட்டி ஒழுங்காகத் திறந்தது. பிரஷர் வால்வு மூடியின் போல்ட்டுகள்தான் உயிரை வாங்கிவிட்டன. உப்புத் தண்ணீரில் ஓடிய அலுமினியத்தில் எஃகு போல்ட் அப்படியே பிடித்துக்கொள்ளும். பலம் காட்டினால் தலை முறிந்துவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் முன்னும் பின்னும் இம்மி இம்மியாக அசைத்தேன். எல்லாம் முழுசாக வந்தன.

மூடியைத் திறந்தால், வால்வுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டு. முறிந்த இதழின் மிச்சம்! "வெளியே போயிருக்கும்" என்றாரே, அதே துண்டு. வால்வை மூடவிடாமல் கெட்டியாக மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்த நிம்மதியைச் சொல்லி மாளாது. புதிய கேஸ்கட் போட்டு மூடினேன்.

இப்போது எவ்வளவு நேரம் மெதுவாக ஓட்டினாலும் 60-ஐ ஒட்டியே நிற்கிறது, அலாரம் இல்லை. இம்பெல்லர் மாற்றக் கொடுப்பவர்கள் பழையதைக் கையில் வாங்கி இதழ்களைப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், அந்தத் துண்டைக் கண்ணில் காட்டாமல் மோட்டாரை மூட விடாதீர்கள்.