இரண்டாவது தடவை

புழல் சிறையில் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் கட்டைப்பை. உள்ளே ஒரு போர்வை. மூலையில் ஊதா நூலால் பையன் பெயர் தைத்திருந்தது.

"கஞ்சா கேஸு. ரெண்டாவது தடவை" என்றார்.

1985 போதைப்பொருள் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, மறுபடி தண்டனை பெற்றால் உச்சவரம்பு ஒன்றரை மடங்கு. பிடிபட்டது சட்டம் 'வணிக அளவு' என்று சொல்லும் பெரிய அளவு என்றால், குறைந்தபட்சத் தண்டனையும் 10 ஆண்டிலிருந்து 15 ஆகிவிடும்.

கடத்திச் சம்பாதிப்பவனுக்கு, சரி. பழக்கத்தை விட முடியாமல் கொஞ்சம் வைத்திருந்து பிடிபட்டவனுக்கு?

அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, அவனைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

சிறைச் சோறு, காவல், மருந்து எல்லாம் நம் வரிப்பணம்தான். அதில் ஒரு பங்கையாவது அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புப் படுக்கைகளுக்குக் கொடுங்கள்.