எர்த் பின்னில் ஏறிய களிம்பு

போன ஐப்பசியில் தூத்துக்குடியிலிருந்து உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரை போகும்போது, எட்டயபுரம் பக்கம் டீக்கு நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்தார். "அண்ணாச்சி, இடது இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேர்ந்து மங்கலா மினுக்குது. டெயில் லைட் இருக்கா இல்லையான்னே தெரியல." நாற்பது அடி டிரெய்லர், நடு ராத்திரி. கையிலிருந்த டீ அப்படியே ஆறிப்போனது.

பல லைட்டுகள் ஒரே நேரத்தில் கிறுக்குப் பிடித்தால் பல்பைத் தேடக் கூடாது, எர்த்தைத்தான், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற வழியைத்தான் பார்க்க வேண்டும். எர்த் அறுந்தால் மின்சாரம் வேறொரு பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்த மினுக்கல் அதுதான். டிரெய்லரை லாரியோடு பூட்டுகிற கிங் பின் வழியாக எர்த் கிடைக்கும் என்றும் நம்ப முடியாது, அங்கே முழுக்கக் கிரீஸ்.

லாரியிலிருந்து டிரெய்லருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஏழு பின் பிளக்கைக் கழற்றினேன். 1-ஆம் நம்பர் பின், அதாவது எர்த், பச்சையாக இருந்தது. செம்புக் குடத்தில் ஏறுகிற அதே களிம்பு. வயரை வெட்டினால் மேலுறை புதிது போல இருக்கிறது, உள்ளே இழைகள் நான்கு விரல் நீளத்துக்குக் கறுத்துக் கிடக்கின்றன. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டினேன். அதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன்: லைட் போடாதபோது 24 வோல்ட், போட்டதும் 17. சும்மா அளந்தால் மீட்டர் நல்லதாகத்தான் காட்டும்.

இப்படிக் களிம்பு ஏற மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்புத் தூசி தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். எங்கள் கடற்கரை இரவுகளுக்கு அது சாதாரணம்.

இப்போது மாதம் ஒருமுறை காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய எமரித் தாளால் பின்களைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் மெலிதாகத் தடவுகிறேன். "அது கரண்ட் கடத்தாதே" என்பார்கள். பின் இறுக்கமாக நுழையும்போது, உலோகம் தொடும் இடத்தில் கிரீஸ் விலகிவிடும், சுற்றிலும் நின்று ஈரத்தைத் தடுக்கும். வீல் கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும், தூசியும் ஒட்டும். களிம்பின் மேலேயே கிரீஸ் தடவுவதும் வீண் வேலை.

அப்புறம், ஸ்பிரிங் போன சாக்கெட் மூடியை மாற்றினேன். டிரெய்லரைக் கழற்றியதும் பிளக்கை வாய் கீழே பார்க்கும்படி மாட்டி வைக்கிறேன். ஒட்டுப் போட்ட இடங்களில் டேப் இல்லை, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசைக் குழாய்தான். கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப் ஊசியை வயரில் குத்த யாரையும் விடுவதில்லை. அந்தச் சின்ன ஓட்டை போதும், உப்புத் தண்ணீர் உள்ளே போக.

தார்ப்பாய் கட்டி முடிந்ததும் பிரேக்கை மிதித்து, இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போடுகிறேன். கிளீனர் தம்பி பின்னால் நின்று பார்த்துவிட்டு "சரி அண்ணே" என்ற பிறகுதான் வண்டி நகரும்.